வயசானா அப்படித்தானுங்களா?

நம் பக்கத்தில் வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் தப்பினால் யாரும் டாக்டரிடம் போவதில்லை. "வயசானா அப்படித்தானுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுவார்கள். துடியலூரில் ஒரு சேவைச் சங்கக் கூட்டத்தில் பேசிய மனநல மருத்துவர், இந்த வார்த்தையைத்தான் முதலில் ஒழிக்க வேண்டும் என்றார். நம் பாலிடெக்னிக்கிலிருந்து ஆறு பேர் போயிருந்தோம். (நாற்காலி போடத்தான் கூப்பிட்டார்கள், அது வேறு விஷயம்!) அங்கே கேட்டதையும், பிறகு படித்துத் தெரிந்து கொண்டதையும் எழுதுகிறேன்.

சந்தைக்குப் போய் வெங்காயம் வாங்க மறந்து வந்தால் அது மறதி. நாற்பது வருஷமாகப் போய் வரும் சந்தையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றால் அது டிமென்ஷியாவாக இருக்கலாம். டிமென்ஷியா என்பது ஒரே நோய் அல்ல. மூளை செல்கள் கெடுவதால் வரும் பல நோய்களுக்குப் பொதுப் பெயர். அதில் அதிகம் காணப்படுவது அல்சைமர். 1906-ல் அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் டாக்டர், இறந்து போன ஒரு பெண் நோயாளியின் மூளையில் புரதப் படிவுகளைக் கண்டு சொன்னார். அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது வயது 51 தான்! மூளை ரத்தக் குழாய் அடைப்பால் வருவது இன்னொரு வகை. நம் நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல், சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

சிகிச்சை உண்டா? முதலில் பரிசோதனை. தைராய்டு குறைவு, பி-12 சத்துக் குறைவு, மன அழுத்தம், கீழே விழுந்து தலைக்குள் மெல்லக் கசியும் ரத்தம், இவையெல்லாம் டிமென்ஷியா மாதிரியே வேஷம் போடும். இவற்றைச் சரி செய்ய முடியும். "வயசானா அப்படித்தான்" என்று விட்டால் இவர்களும் வீணாகப் போகிறார்கள். நிஜமான அல்சைமருக்கு டொனெபெசில் (அமெரிக்காவில் 1996-ல் அனுமதி பெற்றது) போன்ற மாத்திரைகள் கொஞ்ச காலம் தெளிவு தரும்; நோயை நிறுத்தாது. 2023-ல் அங்கே முழு அனுமதி பெற்ற லெக்கனமேப் ஊசி ஆரம்ப நிலையில் மட்டும் வேகத்தைக் குறைக்கும். மூளையில் வீக்கம், ரத்தக் கசிவு வரும் அபாயமும் உண்டு. குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை.

வராமல் தடுக்க? 2024-ல் லான்செட் குழு 14 காரணங்களைப் பட்டியலிட்டது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, புகை, மது எல்லாம் நாம் எதிர்பார்த்தவைதான். காது கேளாமையும் அதில் இருப்பது எனக்குப் புதிது. மில்லிலும் பவுண்டரியிலும் இரைச்சலில் காதைக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் நம் ஊரில்! கண்ணாடி போட்டுக் கொள்ளத் தயங்காதவர்கள் காது மிஷினுக்கு மட்டும் ஏனோ வெட்கப்படுகிறோம்.

கேள்வி நேரத்தில் ஆண்கள் மாத்திரை விலையைக் கேட்டார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு அக்கா எழுந்தார். "ஏனுங் டாக்டர், எங்க மாமியா வளையலத் திருடிட்டேன்னு தெனமும் வீதியில நின்னு சொல்றாங்க. நானு என்ன பண்ணட்டுங்?" மண்டபமே அமைதியாகி விட்டது.

"எடுக்கலைன்னு சண்டை போடாதீங்கம்மா. அவங்களே ஒளிச்சு வெச்சுட்டு மறந்திருப்பாங்க. 'காணமுங்களா, வாங்க சேர்ந்து தேடலாம்'னு கூடப் போங்க" என்றார் டாக்டர். வைத்த ஞாபகம் அழிந்து விடுகிறது, பொருள் இல்லாதது மட்டும் தெரிகிறது. அந்த இடைவெளியை மூளை எதையாவது கொண்டு நிரப்பும். பகல் முழுக்கப் பக்கத்தில் இருப்பவர் மேல்தான் பழி விழும். "ஒரு நாள் நீங்களும் வந்து என்னைப் பாருங்க, தூங்கவே இல்லை போலிருக்கு" என்றும் சொன்னார்.

"அவங்கள ஆருகிட்ட உட்டுப்போட்டு வர்றதுங்?"

இதற்கு அங்கே பதில் இல்லை. என்னைக் கேட்டால் அன்றைய கூட்டத்தின் முக்கியமான கேள்வி இதுதான். 1992-ல் கேரளாவில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. சங்கம் பகல் நேரக் காப்பகங்கள் நடத்திக் காட்டியிருக்கிறது. அதுபோல் இங்கே வரும் வரை, மகன்களும் மகள்களும் வாரத்தில் ஒரு மதியமாவது முறை போட்டுக் கொண்டு அந்த வீட்டில் உட்காரலாம். சேவைச் சங்கங்களும் ஆள் அனுப்பலாம். பொன்னாடைச் செலவு கூட ஆகாது.

நம்மால் ஆனதும் ஒன்று உண்டு. பெரியவர்கள் சொல்லாமல் வெளியே போய் விடுவது பெரிய பயம். கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு ரீட் சுவிட்ச். கதவு திறந்ததும் காந்தம் விலக, சுவிட்ச் விட்டுப் போகும். டிரான்சிஸ்டர் வேலை செய்து பஸ்ஸர் ஒலிக்கும். 9 வோல்ட் பேட்டரி போதும், லேபில் ஒரு மதிய வேலை. டாக்டரிடம் இதைச் சொன்னபோது ஒரு திருத்தம் சொன்னார்: பஸ்ஸரைக் கதவில் வைக்காதீர்கள், திடீர்ச் சத்தத்தில் பெரியவர் பயந்து விடுவார். ஒயரை நீளமாக இழுத்து, மருமகள் நிற்கும் சமையலறையில் வையுங்கள்.