மருத்துவ மாணவரும் ஆய்வு நெறியாள்கையும்: ஹெப்பரின் கண்டுபிடிப்பை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஆய்வு என்பது பட்டம் பெற்றதன் பின்னர் தொடங்கும் ஒன்று என்ற எண்ணம் நமது மருத்துவக் கல்வியில் நீண்டகாலமாக வேரூன்றியுள்ளது. நோயைப் பற்றிப் படிப்பது மாணவரின் கடமை, நோயைப் பற்றிக் கேள்வி கேட்பது பேராசிரியரின் உரிமை என்பதே அவ்வெண்ணத்தின் உட்கிடை. இன்று மருத்துவபீடங்களில் மாணவர் சிறு குழுக்களாக ஆய்வொன்றைச் செய்து அறிக்கை சமர்ப்பிப்பது பாடத்திட்டத்தின் பகுதியாகிவிட்டது. எனினும் பழைய எண்ணம் முற்றாக அகன்றுவிட்டதெனக் கூறமுடியாது. ஆய்வு மேலுமொரு பரீட்சையாகவும், நெறியாளர் கையொப்பமிடும் ஓர் அதிகாரியாகவும் கொள்ளப்படுவதே பெருவழக்காக உள்ளது. நெறியாளரிடம் மாணவர் எதனைக் கேட்டுப் பெறவேண்டும், நெறியாளர் எதனைக் கொடுக்கவேண்டும், எதனைத் தம்மிடம் வைத்துக்கொள்ளக்கூடாது என்பன தெளிவாகப் பேசப்படுவதில்லை. அறிவுரைகளை அடுக்குவதிலும் பார்க்க, ஒரு மாணவரும் ஒரு பேராசிரியரும் உண்மையில் எவ்வாறு இயங்கினர் என்பதை நோக்குவது இவ்விடயத்தில் கூடிய பயன் தரும்.

1915ஆம் ஆண்டில் ஜேய் மக்லீன் என்னும் இளைஞர் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து பால்ரிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். வசதி படைத்த குடும்பத்தவரல்லர். சுரங்க வேலை உட்படப் பல கூலி வேலைகளைச் செய்து படிப்புச் செலவைத் தேடிக்கொண்டவர். அங்கு உடற்றொழிலியற் பேராசிரியராக விளங்கிய வில்லியம் ஹவலை அணுகி, ஓராண்டு காலத்தில் தாமே தனித்துச் செய்து முடிக்கத்தக்க ஒரு பிரச்சினையைத் தருமாறு வேண்டினார். வேண்டுகோளின் அமைப்பு கவனிக்கத்தக்கது. “ஏதாவது ஆய்வு செய்ய விரும்புகிறேன்” என்று அவர் கேட்கவில்லை. கால எல்லை, தனிப்பொறுப்பு, முடிக்கத்தக்க அளவு ஆகிய மூன்றும் அவ்வேண்டுகோளில் அடங்கியிருந்தன.

ஹவல் குருதியுறைதல் பற்றி ஆராய்ந்து வந்தவர். இழையங்களிலுள்ள கெபலின் என்னும் பொசுபரசு கலந்த கொழுப்புப் பொருளே உறைதலைத் தூண்டுகின்றது என்பது அவரது கொள்கை. மூளையிலிருந்து பிரித்தெடுத்த கெபலின் தூய்மையானதன்று என்பதையும் அவர் அறிந்திருந்தார். தூண்டுவது கெபலின்தானா, அன்றி அதனோடு ஒட்டிவந்த வேறொரு மாசா என்பதைத் தீர்மானிப்பதே மக்லீனுக்கு அவர் கொடுத்த வேலை. தமது கொள்கையின் மிகப் பலவீனமான மூட்டினைச் சோதிக்கும் பணியை ஒரு புதிய மாணவரிடம் அவர் ஒப்படைத்தார். நெறியாளரின் கருத்தை உறுதிப்படுத்துவதற்கு மேலும் நூறு நோயாளரின் தரவைச் சேர்த்துக் கொடுப்பதே மாணவ ஆய்வு என்று வழங்கும் சூழலில் இது சிறிய செய்தியன்று.

மக்லீன் கெபலினை இயன்றவரை தூய்மைப்படுத்தினார். அதனோடு அமையாது, ஜேர்மன் மொழி இரசாயன நூல்களில் இருதயத்திலிருந்தும் ஈரலிலிருந்தும் இதனையொத்த பொருள்கள் பிரித்தெடுக்கப்பட்டிருப்பதைக் கண்டு, அவற்றையும் ஆக்கிப் பரிசோதித்தார். ஆக்கிய மாதிரிகளை வீசிவிடாது பேணி, காலத்துக்குக் காலம் மீண்டும் சோதித்தும் வந்தார். உறைதலைத் தூண்டும் ஆற்றல் எத்தனை நாளில் குறைகின்றது என்று அறிவதே அவரது நோக்கம். பழகிய மாதிரிகளில் அவ்வாற்றல் மறைந்தது மட்டுமன்றி, ஈரலிலிருந்து பெற்ற பொருள் குருதியை உறையவிடாது தடுப்பதையும் அவர் கண்டார். தேடிய பொருளுக்கு நேர்மாறான ஒன்று கையில் அகப்பட்டது.

பேராசிரியர் இதனை உடனே ஏற்கவில்லை. பிற்காலத்தில் மக்லீன் எழுதிய நினைவுக் குறிப்பின்படி, ஆய்வுகூடப் பணியாளரான ஜோன் ஷ்வைன்ஹான்ற் ஒரு பூனையின் குருதியை எடுத்துக் கொடுக்க, மக்லீன் அதில் தமது ஈரற்பொருளைக் கலந்து, கிண்ணத்தை ஹவலின் மேசைமீது வைத்து, உறைந்ததும் தம்மை அழைக்குமாறு கூறிச் சென்றார். அது உறையவேயில்லை. (குருதியெடுத்த பணியாளரின் பெயர் நமக்குத் தெரிவது, மாணவர் அதனை மறவாது குறித்துவைத்ததனாலேயே. ஆய்வுகூடங்களின் வரலாற்றில் இவ்வாறு பெயர் எஞ்சும் உழைப்பாளர் சிலரே.)

ஹவலின் ஐயம் ஒரு தடையாகத் தோன்றலாம். உண்மையில் நெறியாளர் கொடுக்கக்கூடிய மிக உயர்ந்த உதவி அதுவே. ஐயத்தை எதிர்கொள்ள எத்தகைய சான்று போதுமானது என்று மாணவர் சிந்திக்க நேர்கின்றது. ஆனால் ஐயம் பயன் தருவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சான்று முன்வைக்கப்பட்டதும் நெறியாளர் தமது நிலையை மாற்றிக்கொள்ளவேண்டும். ஹவல் மாற்றிக்கொண்டார். 1921இல் ரொறன்ரோவில் இதே நிலைமை வேறு விளைவைத் தந்தது. கோடை விடுமுறையில் பன்ரிங்கிடமும் இளைஞரான சாள்ஸ் பெஸ்றிடமும் ஆய்வுகூடத்தையும் நாய்களையும் ஒப்படைத்துவிட்டு ஸ்கொத்லாந்து சென்ற பேராசிரியர் மக்லியோட், திரும்பி வந்து மேலும் கட்டுப்பாட்டுப் பரிசோதனைகளைக் கோரினார். கோரிக்கை விஞ்ஞான நியாயம் உடையது. ஆயின் பன்ரிங் அதனைத் தம்மை அவமதித்ததாகவே கொண்டார். இன்சுலினுக்கான 1923ஆம் ஆண்டின் நோபல் பரிசு பன்ரிங்குக்கும் மக்லியோட்டுக்கும் வழங்கப்பட்டபோது, பன்ரிங் தமது பங்கில் பாதியைப் பெஸ்றுக்கும், மக்லியோட் தமது பங்கில் பாதியைக் கொலிப்புக்கும் பகிர்ந்தளித்தனர். எத்தகைய சான்று கேட்கப்படும் என்பது தொடக்கத்திலேயே பேசப்பட்டிருப்பின் கசப்பின் ஒரு பகுதியேனும் குறைந்திருக்கக்கூடும்.

மக்லீனின் கட்டுரை 1916இல் அமெரிக்க உடற்றொழிலியற் சஞ்சிகையில் வெளிவந்தது. அதன் தலைப்புக் கெபலினைப் பற்றியதே; உறைதலைத் தடுக்கும் பொருள் பற்றிய செய்தி சுருக்கமாகவே இடம்பெற்றது. ஆசிரியர் பெயராக மக்லீனின் பெயர் மட்டுமே இருந்தது. தமது ஆய்வுகூடத்தில், தாம் கொடுத்த பிரச்சினையில் விளைந்த கட்டுரையில் பேராசிரியர் தம் பெயரைச் சேர்க்கவில்லை என்பதை இன்றைய நிலையோடு ஒப்பிட்டு நோக்கலாம். ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. மக்லீன் வேறிடம் சென்றார். ஹவல், ஹோல்ற் என்னும் இன்னொரு மாணவருடன் ஆய்வைத் தொடர்ந்து, 1918இல் அப்பொருளுக்கு ‘ஹெப்பரின்’ எனப் பெயரிட்டார். 1920களில் ஹவல் பிரித்தெடுத்த ஹெப்பரின் நீரிற் கரைவது, மாவெல்லத் தன்மையுடையது. மக்லீன் கண்டதோ கொழுப்புச் சார்ந்தது. இரண்டும் ஒன்றல்ல. 1930களில் ரொறன்ரோவிலும் ஸ்ரொக்கோமிலும் தூய்மையாக்கப்பட்டு நோயாளருக்கு வழங்கப்பட்டது பின்னையதே. ரொறன்ரோவில் அம்முயற்சிக்குத் தலைமை தாங்கியவர், முன்னர் இன்சுலின் ஆய்வில் மாணவராயிருந்த அதே பெஸ்ற். கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு என்ற வாதம் எழுந்தது. 1940களில் மக்லீன் தமது பங்கினை வலியுறுத்திப் பேசிவந்தார். அவர் 1957இல் காலமானார். நினைவுக் குறிப்பு 1959இலேயே அச்சேறியது.

யாருக்குப் புகழ் என்ற வினாவை வரலாற்றாசிரியருக்கு விட்டுவிடலாம். மாணவருக்கு இதிலிருந்து கிடைப்பது நடைமுறை சார்ந்தது. எதிர்பாராத ஒன்றைக் கண்ட அன்றே திகதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதுவதும், அதனைக் கட்டுரையின் ஒரு மூலையில் ஒதுக்காது தனியே விளக்குவதும், தாம் விலகிச் சென்றபின் அவ்வாய்வு யாரால், எப்பெயரில் தொடரப்படும் என்பதை நெறியாளருடன் பேசி எழுத்தில் வைப்பதும் கூச்சத்துக்குரியனவல்ல. இன்று சர்வதேச மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்கள் வகுத்துள்ள விதியின்படி, ஆய்வின் திட்டத்திலோ தரவிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுதல் அல்லது அதன் உள்ளடக்கத்தைத் திறனாய்ந்து திருத்துதல், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுமைக்கும் பொறுப்பேற்றல் ஆகிய நான்கும் ஒருங்கே உடையவரே கட்டுரையாசிரியர் ஆவர். துறைத்தலைவர் என்ற பதவியோ, கடிதத்தில் கையொப்பமிட்டமையோ இவற்றுள் அடங்கா. முதற் சந்திப்பிலேயே இதனைப் பேசுவது மரியாதைக் குறைவாகுமோ என நமது மாணவர் அஞ்சுவர். குருபக்தி என்ற பெயரில் நாம் பேணிவரும் மௌனம் மாணவரின் உழைப்பை மேலே உள்ளவருக்கு மாற்றிக் கொடுக்கும் ஒரு பொறிமுறையாகவும் தொழிற்படுகின்றது என்பதை ஒளிக்கவேண்டியதில்லை.

இனி நமது நிலைமைக்கு வருவோம். மாணவர் கொண்டுவரும் முதல் தலைப்பு பெரும்பாலும் மிகப் பெரியதாகவே இருக்கும். ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் படைகளில் தேங்கும் நிலத்தடி நீரில், தோட்டங்களுக்கு இடப்படும் பசளையாலும் மலசலகூடக் குழிகளாலும் நைத்திரேற்று மிகுந்திருப்பது பல ஆய்வுகளில் வெளிப்பட்ட ஒன்று. இதனைப் படித்த மாணவர் குழுவொன்று ‘குடாநாட்டு நீரும் புற்றுநோயும்’ என்ற தலைப்புடன் நெறியாளரிடம் செல்கின்றது எனக் கொள்வோம். புற்றுநோய் உருவாகப் பல ஆண்டுகள் செல்லும், மக்கள் இடம்பெயர்ந்துள்ளனர், கிணறுகள் மாறியுள்ளன. ஓராண்டில் இக்கேள்விக்கு விடை காண இயலாது. ஆகாது என்று கூறித் திருப்பியனுப்பும் நெறியாளரும், சரி என்று கையொப்பமிடும் நெறியாளரும் ஒரே தவறையே செய்கின்றனர். கேள்வியைச் சிறிதாக்கிக் காட்டுவதே அவரது பணி. ஒரு கிராமத்தில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகளில், பால்மா கரைக்க எக்கிணற்று நீர் பயன்படுகின்றது? அக்கிணறு குழியிலிருந்து எத்தனை மீற்றர் தூரத்தில் உள்ளது? அந்நீரில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்துள்ளதா? கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை மிகையான நைத்திரேற்றுக் குறைக்கக்கூடும் என்பதால், இச்சிறு கேள்வி அற்பமானதன்று.

இத்தகைய ஆய்வில் நெறியாளரின் அனுபவம் வேண்டப்படும் இடங்கள் சில உண்டு. எத்தனை வீடுகள் வேண்டும் என்பது தரவு சேர்க்கு முன்னரே கணிக்கப்படவேண்டும்; தரவு முடிந்தபின் புள்ளிவிபரவியலாளரிடம் செல்வது பயனற்றது. வினாக்கொத்தை ஆங்கிலத்தில் ஆக்கிப் பின்னர் தமிழாக்கும் வழக்கத்தையும் மாற்றவேண்டும். அவ்வாறு பிறந்த தமிழ் வினாக்கள் கேட்பவருக்கும் விளங்குவதில்லை, சொல்பவருக்கும் விளங்குவதில்லை. பதில் சொல்பவரின் மொழியில் முதலில் எழுதி, நான்கைந்து வீடுகளில் கேட்டுப் பார்த்துத் திருத்தி, அதன்பின் அறிக்கைக்காக ஆங்கிலமாக்குவதே முறை.

சம்மதம் பற்றிய பிரச்சினை இதனிலும் ஆழமானது. 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கிப் பிரகடனத்தை மாணவர் பரீட்சைக்காகப் படிக்கின்றனர். ஆனால் வெண்ணிற மேலங்கியணிந்த மாணவர், அப்பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருடன் ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்கும்போது, கூலித் தொழிலாளியின் மனைவியொருத்தி “முடியாது” என்று சொல்வாளா? அடுத்த மாதம் தன் குழந்தைக்குத் தடுப்பூசி போடப்போகின்றவரும் அதே உத்தியோகத்தரல்லவா? ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதிக் கடிதம் இந்த அதிகார உறவை நீக்கிவிடாது. வீட்டைக் காட்டியதும் உத்தியோகத்தரை அப்பால் நிற்கச் சொல்வது, மேலங்கியைக் கழற்றிவிட்டுச் செல்வது, யோசித்துப் பதில் கூற ஒரு நாள் அவகாசம் கொடுப்பது முதலிய சிறு ஏற்பாடுகளை நெறியாளரே முதன்முறை உடன் சென்று காட்டவேண்டும். மேல்சிலேசியாவில் பரவிய தைபசுக் காய்ச்சலை 1848இல் ஆராய்ந்த ருடோல்ப் விர்ஷோ, நோயின் வேரை வறுமையிலும் உரிமையின்மையிலும் கண்டவர். சமூக மருத்துவத்தின் முன்னோடி என நாம் அவரைப் போற்றுகின்றோம். வாசற்படியில் நிகழும் இந்நிகழ்ச்சியும் அவர் பேசிய விடயத்தைச் சார்ந்ததே.

விர்ஷோவின் பேர்லின் நிறுவனத்திலேயே போல் லாங்கர்ஹான்ஸ் என்னும் மாணவர் சதையியை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, 1869இல் தமது இருபத்தொன்றாவது வயதில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். சதையியில் அங்கங்கே சிறு திட்டுக்களாக வேறுவகைக் கலங்கள் இருப்பதை விவரித்த அவர், அவற்றின் தொழில் தமக்குத் தெரியவில்லை என்றே எழுதினார். 1893இல் லகெஸ் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் அத்திட்டுக்களுக்கு அவர் பெயரைச் சூட்டினார். இன்சுலின் அங்கிருந்தே சுரக்கின்றது என்பது பின்னர் தெளிவாயிற்று. தெரியாது என்று எழுதப்பட்ட அவ்வேடு ஏற்றுக்கொள்ளப்பட்டமை அந்நிறுவனத்தின் தரத்தைக் காட்டுகின்றது. முடிவுரையில் எதையாவது நிறுவியே ஆகவேண்டும் என்று நம் மாணவரை வற்புறுத்துவோர் இதனை மனங்கொள்ளலாம்.

நெறியாளரினின்றும் வேறான ஒருவரும் மாணவருக்கு வேண்டும். நெறியாளரின் பொறுப்பு ஆய்வுத்திட்டத்தோடு முடிகின்றது. எத்துறையைத் தேர்வது, தோல்வியை எவ்வாறு தாங்குவது, நெறியாளரோடே முரண்பாடு எழுந்தால் யாரிடம் செல்வது என்பனவற்றைப் பேச இன்னொருவர் தேவை. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் உள. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் கலைஞனுக்கு வழி கூறுவதே அவற்றுட் பெரும்பாலானவற்றின் அமைப்பு. வழிகாட்டுபவன் புரவலனல்லன், அதே வழியில் நேற்று நடந்தவன். சென்ற ஆண்டு ஆய்வை முடித்த மாணவரே இவ்வாண்டு மாணவருக்கு மிகச் சிறந்த வழிகாட்டி என்பது என் கருத்து. எந்த அலுவலகத்தில் எந்தக் கோவை தாமதமாகும் என்பதைப் பேராசிரியர் அறியார்.

நேரமின்மை பற்றி இரு தரப்பிலும் முறைப்பாடு உண்டு. இரு வாரத்துக்கொரு முறை அரைமணி நேரம் போதும். ஆனால் மாணவர் முதல்நாளே ஒரு பக்கக் குறிப்பை அனுப்பியிருக்கவேண்டும். செய்தது என்ன, தடைப்பட்டது எங்கே, நெறியாளரிடமிருந்து வேண்டிய முடிவு எது என்பவை அதில் இருந்தால், வேலைப்பளு மிக்கவரும் பதில் சொல்வர். பதில் வராதவிடத்து இளம் விரிவுரையாளர் ஒருவரை இணை நெறியாளராகக் கேட்டுப் பெற மாணவருக்கு உரிமையுண்டு.

ஆய்வு முடிந்ததும் அறிக்கை திணைக்கள நூலகத்தின் தட்டிற்குச் செல்கின்றது. மேற்கூறிய கிணற்று ஆய்வை மீண்டும் எடுத்துக்கொண்டால், நீர் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் அவ்வீட்டுக் கிணற்றின் அளவீட்டைத் தமிழில், ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பதும், எல்லை கடந்த கிணறுகளின் விபரத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சேர்ப்பிப்பதும் ஆய்வுத்திட்டத்தின் பகுதியாகத் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று நீங்காது என்ற செய்தியும் அத்தாளில் இருக்கவேண்டும். பல வீடுகளில் பால்மாவுக்கு நீரைக் கொதிக்க வைத்துவிட்டோம் என்ற நிம்மதி நிலவும்.