அப்பாவும் ஒரு 350 கிராம் குரங்கும்

"கரன்ட் பில் கட்டிட்டியாடா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா இதைக் கேட்டது நாலாவது தடவை. "எத்தனை தடவைப்பா சொல்றது?" என்று கத்திவிட்டேன். அப்பா பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். இத்தனைக்கும், 1975-ல் வாங்கிய முதல் சம்பளத்தை இன்றைக்கும் பைசா சுத்தமாகச் சொல்லுகிற மனுஷர்!

மனசு உறுத்தியதில், வயசுக்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம் என்று தேடிப் படித்தேன். மாட்டியது ஒரு குரங்கு. பேர் மார்மோசெட். ஊர் வடகிழக்கு பிரேசில். காதோரம் வெள்ளைக் குஞ்சம், எடை சுமார் 350 கிராம். எட்டு வயசு தாண்டினாலே தாத்தா!

கலிஃபோர்னியாவில் உள்ள சால்க் ஆராய்ச்சி நிலையத்தில் இதற்குப் பரீட்சை வைத்தார்கள். தொடுதிரையில் ஒரு படம் வரும். தொட்டால் பரிசு. திரை கொஞ்ச நேரம் காலி. பிறகு அதே படத்தோடு புதுசாக இன்னொன்று. புதுசைத் தொடணும். அப்புறம் மூன்று, நான்கு என்று ஏறிக்கொண்டே போகும். எதையெல்லாம் பார்த்தோம் என்று மனசில் பிடித்துவைத்தால்தான் பாஸ். வயசான குரங்குகளில் பல இங்கேதான் கோட்டை விட்டன. எல்லாம் இல்லை, சில தாத்தாக்கள் படு ஷார்ப்!

ஏன் இந்த வித்தியாசம்? 2023-ல் வெளியான ஆய்வில், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். நரம்பு செல்கள் பேசிக்கொள்ளும் இணைப்புகளுக்குக் கரன்ட் சப்ளை, மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டி ஜெனரேட்டர். பெரிய இணைப்புக்குப் பெரிய ஜெனரேட்டர், சின்னதுக்குச் சின்னது, இதுதான் முறை. தடுமாறிய கிழட்டு மூளையில் இந்தப் பொருத்தம் குலைந்திருந்தது. ஃபாக்டரிக்குப் பெட்டிக்கடை ஜெனரேட்டர் வைத்த கதை!

ஆக, அப்பா வேணுமென்று கேட்கவில்லை. சப்ளையில் கோளாறு. அதற்குக் கத்தி என்ன பிரயோஜனம்?

குரங்குக்குச் சிக்கலே திரை காலியாகும்போதுதானே? பில் ரசீதை அப்பாவின் கண்ணெதிரே, காலண்டர் பக்கத்தில் ஒட்டினேன். கேள்வி நின்றது.

அடுத்த பில்லை நான் சுத்தமாக மறந்துபோனேன். ஒட்டியிருந்த ரசீதின் தேதியைப் பார்த்துவிட்டு, "கரன்ட் பில் கட்டிட்டியாடா?" என்று கேட்டு ஃபைனிலிருந்து காப்பாற்றியவர்... அப்பாதான்!