விலை போகாத கேந்திப் பூவில் வண்ணக் காகிதம்

சங்கரன்கோவில் வட்டாரப் பூ விவசாயிகளுக்கு நன்கு தெரிந்த நிலை ஒன்று உண்டு. ஓணம், ஆயுத பூசை நாட்களில் கேந்திப் பூவுக்கு (செண்டுமல்லி) நல்ல விலை கிடைக்கிறது. பண்டிகை முடிந்ததும் பறிப்புக் கூலிக்குக் கூடக் கட்டுபடியாவதில்லை. கூடை கூடையாகப் பூவை வரப்போரம் கொட்டி விடுகிறோம்.

அப்பூவை எருக்குழியில் இடுவது ஒரு வழி. அதற்கு முன் அதிலுள்ள சாயத்தை இறக்கி, காகிதத்திற்கு நிறமேற்றுவது மற்றொரு வழி. அடுப்பும் பாத்திரமும் நிழலான இடமும் இருந்தால் வீட்டிலேயே இதைச் செய்யலாம்.

நிறம் எவ்வாறு கிடைக்கிறது?

கேந்தி இதழில் இரு வகை நிறப் பொருட்கள் உள்ளன. ஒன்று லூட்டீன். இது நீரில் கரையாது. தொழிற்சாலைகள் இதைப் பிரித்தெடுத்துக் கோழித் தீவனத்திற்குப் பயன்படுத்துகின்றன. மற்றொன்று ஃபிளேவனாய்டு வகையைச் சேர்ந்தது. இதுவே கொதிநீரில் இறங்குகிறது. ஆகையால் பூ ஆரஞ்சு நிறமாக இருந்தாலும் காகிதம் மஞ்சளாகவே வரும். படிகாரம் இந்தச் சாயத்தைக் காகித நாருடன் பிணைத்து நிறுத்துகிறது.

செய்முறை

1. காம்பையும் பச்சைப் புல்லியையும் நீக்கி, இதழ்களை மட்டும் எடுத்துக் கொள்ளவும். உடனே செய்ய இயலாவிடில் நிழலில் உலர்த்திச் சேமிக்கலாம். பூவில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நீரே என்பதால் எடை வெகுவாகக் குறையும்.

2. புதிய இதழ் 1 கிலோ அல்லது உலர்ந்த இதழ் 150 கிராமுக்கு 4 லிட்டர் தண்ணீர் சேர்த்து, இளந்தீயில் முக்கால் மணி நேரம் காய்ச்சவும். எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. இரும்புச் சட்டியில் நிறம் கருத்து விடும்.

3. துணியில் வடிகட்டி, ஒரு லிட்டர் சாறுக்கு 10 கிராம் வீதம் பொடித்த படிகாரத்தைச் சூட்டிலேயே கரைக்கவும்.

4. சாறு வெதுவெதுப்பானதும் அகலமான தட்டில் ஊற்றி, காகிதத்தை 5 நிமிடம் அமிழ்த்தி எடுக்கவும். கெட்டியான, வழவழப்பில்லாத தாள் வேண்டும். கைக்காகிதம் மிக நன்று. மெழுகுப் பளபளப்புள்ள தாளில் சாயம் ஏறாது.

5. ஈரத் தாள் எளிதில் கிழியும். எனவே கொடியில் போடாமல் பலகையில் பரப்பி நிழலில் உலர்த்தவும். முக்கால் பங்கு காய்ந்ததும் பாரம் ஏற்றி வைத்தால் சுருங்காது.

இதே முறையில் வெங்காயத் தோலும் பயன்படும். அது பழுப்பு கலந்த பொன்னிறம் தரும்.

கவனிக்க வேண்டியவை

படிகாரம் அமிலத் தன்மை உடையது. கூடுதலாகச் சேர்த்தால் நிறம் கூடாது. காகிதம்தான் நாளடைவில் பழுத்து ஒடியும். மஞ்சள் கிழங்கின் சாயம் பளிச்சென்று இருக்கும். ஆனால் வெயிலில் விரைவில் வெளிறும். சோப்பு, சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். எனவே விற்பனைக்கு அது ஆகாது.

பூச்சி மருந்து தெளித்த வயலின் பூவை உடனே காய்ச்சக் கூடாது. சாயம் காய்ச்சும் பாத்திரத்தைச் சமையலுக்குப் பயன்படுத்தவும் கூடாது. சாயத் தாளில் தின்பண்டம் மடிக்க வேண்டாம்.

விற்கும் முன் ஒரு சோதனை அவசியம். சாயமேற்றிய தாளின் பாதியை அட்டையால் மூடி ஒரு வாரம் வெயிலில் வைக்கவும். இரு பாதிக்கும் வேறுபாடு மிகுதியாகத் தெரிந்தால் அந்தச் சாயத்தை நம்ப வேண்டாம்.

வருமானம் வருமா?

சிவகாசியில் அச்சாகும் தாளுடன் விலையில் நாம் போட்டியிட இயலாது. மொய்க் கவர், வாழ்த்து அட்டை, சிறு பை என மகளிர் சுய உதவிக் குழுக்கள் சிறிய அளவில் செய்து பார்க்கலாம். ஆடித் தபசு போன்ற திருவிழாக் கூட்டம் நல்ல சோதனைச் சந்தை. பூவுக்கு விலை போடாவிட்டாலும் தாள், விறகு, கூலி மூன்றையும் கணக்கில் எழுத வேண்டும். நம் வீட்டார் உழைப்புக்கும் கூலி உண்டு என்பதை மறக்கலாகாது.

ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன். சாயத்திற்கென்றே புதிதாக ஓர் ஏக்கர் பயிரிட்டு விட வேண்டாம். ஒரு காலத்தில் சாயவேரும் அவுரியும் தமிழகத்தில் பெயர் பெற்றிருந்தன. 1868-இல் சாயவேரின் சிவப்புப் பொருளான அலிசரினை ஜெர்மனியில் செயற்கையாகச் செய்தார்கள். 1897-இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அதன் பின் இயற்கைச் சாயப் பயிர்களின் மவுசு சரிந்து போயிற்று. யாரேனும் விதை விற்று, விளைச்சலைத் திரும்ப வாங்குவதாகச் சொன்னால், எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள்.

பூவாக விற்பதே முதல் வருமானம். விற்காத பூவில் சாயம் இறக்குவது அடுத்தது. இறக்கிய பின் மிஞ்சும் சக்கை எருக்குழிக்கு. இந்த வரிசை மாறாதிருந்தால் நட்டத்திற்கு இடமில்லை. அடுத்த முறை விலை விழும்போது, ஒரு கூடைப் பூவை மட்டும் கொட்டாமல் வீட்டுக்குக் கொண்டு வந்து செய்து பாருங்கள்.