நாலு நிமிஷப் படம், 340 ரூபாய் செலவு!

"நீங்கல்லாம் படம் எடுத்தீங்களாமே, எப்படிடா?" என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது. அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கதை ரொம்பச் சின்னது. ஒரு பையன் தன் சைக்கிளை விற்கப் பழைய சைக்கிள் கடைக்குப் போகிறான். பேரம் பேசுகிறான். கடைசியில் மனசு வராமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குத் திரும்புகிறான். அவ்வளவுதான். நடிக்க இரண்டு பேர், இடம் ஒன்று. காசில்லாதவன் கதையை இப்படித்தான் யோசிக்கணும். ஹெலிகாப்டர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

உண்மையில் எங்களுக்குக் காசை விட நாள்தான் பிரச்சினை. எங்க ஹீரோவின் குடும்பம் பிழைப்புக்காகத் திருப்பூருக்குக் குடிபோக இருந்தது. கையில் இருந்தது இரண்டே ஞாயிற்றுக்கிழமை.

கேமரா, என் அண்ணனின் செல்போன். ஒரு நிமிஷ வீடியோ ஏறத்தாழ 100 எம்.பி. பிடிக்கும். அதனால் முந்தின நாளே இடம் காலி பண்ணி வையுங்கள். ஃப்ளைட் மோடில் போட மறக்காதீர்கள். அருமையான ஒரு ஷாட்டின் நடுவில் என் அத்தை போன் செய்து, ரெக்கார்டிங்கே நின்னு போச்சு!

காலை 7 மணியிலிருந்து 9 மணி வரை வெளிச்சம் நன்றாக இருக்கும். உச்சி வெயிலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல் விழுந்து, எல்லாரும் பேய் மாதிரி தெரிவோம். நிழல் விழும் பக்கம் ஒருவர் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால், வெயில் அதில் பட்டு முகத்துக்குத் திரும்பி வரும். இரண்டு அட்டை 80 ரூபாய்.

இன்னொன்று, யாரும் சொல்லித் தராமல் நாங்கள் அடிபட்டுக் கற்றது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசினால், அவர்களுக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில்தான் இருக்கணும். நாங்கள் கடைக்காரரை மட்டும் அந்தப் பக்கம் போய் எடுத்தோம். போட்டுப் பார்த்தால் இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுகிறார்கள், பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி! மறுபடி எடுத்தோம். கடைக்காரராக நடித்த நண்பனின் தாத்தா மட்டும், "எத்தனை தடவைடா அதே சைக்கிளை விலை பேசுறது?" என்று கோபித்துக்கொண்டார்.

இரண்டாவது ஞாயிறு ஹீரோ வந்தான். தலையில் முடி இல்லை. மொட்டை! ஊரை விட்டுப் போவதற்குள் குலதெய்வத்துக்கு வேண்டுதலை முடித்துவிட்டார்களாம். பாதிப் படத்தில் முடி, மீதியில் மொட்டை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி' எடுத்தபோது, ஒரு வாரம் கழித்துத் திரும்பிப் போனால் நாணல் பூக்களை எல்லாம் மாடு மேய்ந்துவிட்டிருந்ததாம். மறுபடி பூக்கும் வரை அவர் காத்திருந்தார். படம் 1955-இல் வெளிவந்தது. எங்களுக்கு முடி முளைக்கும் வரை காத்திருக்க ஏது நாள்? ஒரு தொப்பி போட்டு, வெயிலுக்காகக் கடைக்காரரே கொடுப்பதாக ஒரு ஷாட் சேர்த்தோம். படத்தில் எல்லாரும் பாராட்டியது அதைத்தான்!

அவன் போன பிறகுதான் தெரிந்தது, வசனம் எதுவும் கேட்கவில்லை. பத்தடி தள்ளி நின்ற போனில் வெறும் காற்றுச் சத்தம். இன்னொரு போனை நடிகரின் சட்டைப் பையில் வைத்திருக்கணும். ஷாட் ஆரம்பிக்கும்போது ஒரு கைத்தட்டு தட்டணும். கை சேரும் படத்தையும் 'டப்' என்ற சத்தத்தையும் பொருத்தினால் பேச்சு முழுவதும் தானாகப் பொருந்திவிடும். சினிமாவில் கிளாப் அடிப்பது இதற்குத்தான், ஸ்டைலுக்கு இல்லை.

அப்புறம் என்ன, ஹீரோ திருப்பூரில் போர்வைக்குள் புகுந்து வீடியோவைப் பார்த்துக்கொண்டே பேசி அனுப்பினான். போர்வைக்குள் எதிரொலி வராது. நாலே வரிக்கு மூன்று ராத்திரி. நடுவில் அவன் தங்கச்சியின் இருமலும் வந்துவிட்டது. அதை வெட்டாமல் விட்டுவிட்டோம்.

ஒரு மணி நேரத்துக்கும் மேல் எடுத்தது, வெட்டி ஒட்டியதில் நாலு நிமிஷம் ஆனது. செலவுக் கணக்கு: தெர்மாகோல் 80, ஜெராக்ஸ் 15, பஸ் 60, டீ வடை 185. (வடை தாத்தாவுக்கு மட்டும் இரண்டு.)

வகுப்பில் போட்டுக் காட்டியபோது வீடியோ காலில் அவனும் பார்த்தான். முடிந்ததும் எல்லாரும் கை தட்டினோம். அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "டேய், அந்தத் தொப்பி என்னோடது. அனுப்பி வைக்காதீங்க, நானே வந்து வாங்கிக்கிறேன்" என்றான்.

– 11-ஆம் வகுப்பு மாணவன்