மென்பொருள் வேலை: எந்தப் படியில் நிற்கிறோம்?

நட்டஈட்டுக் காசைப் பிள்ளையின் கணினிப் படிப்புக்குக் கட்டலாமா என்று தெமோதரைப் பக்கத்துப் பெற்றோர் பலர் நம்மிடம் கேட்கிறார்கள். கட்டுமுன், பிள்ளை எந்தப் படியில் நிற்கிறார் என்று பார்ப்போம்.

உயர்தரம் எழுதுகிறவருக்கு முதல் வழி அரச பல்கலைக்கழகம். பதுளையிலேயே 2005 இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானப் பட்டம் உண்டு; கட்டணம் இல்லை. அது கிட்டாவிட்டால், கொழும்புப் பல்கலைக்கழகம் 2000 இல் தொடங்கிய வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டம் இருக்கிறது. கலைப்பிரிவில் தேறியவரும் சேரலாம். முதலாம் ஆண்டு தேறினால் டிப்ளோமா, இரண்டாம் ஆண்டு தேறினால் உயர் டிப்ளோமா; இடையில் நின்றாலும் கை வெறுமையாகாது. பரீட்சை ஆங்கிலத்தில். நம் பிள்ளைகள் இடறுவது கணக்கில் அல்ல, இங்கேதான்.

படிப்பை முடித்தவரைக் கம்பனிகள் பெரும்பாலும் முதலில் பயிலுநராக எடுத்துப் பார்க்கும். அங்கே சான்றிதழ் மட்டும் போதாது. கொழுந்து நிறுக்கும் கணக்குக்கேனும் தானே ஒரு செயலி எழுதி, அதை வரிவரியாக விளக்கத் தெரிந்தவர் முன்னே நிற்பார்.

முப்பதைக் கடந்து, தோட்டக் காரியாலயத்திலோ கடையிலோ கணக்கு எழுதியவர் இந்த இளையவர்களோடு போட்டியிட வேண்டியதில்லை. கணக்கு மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் அவருடைய அனுபவத்துக்கே மதிப்பு. அந்த வழியாக உள்ளே போகலாம். துறையில் பல வருடம் இருந்தவருக்கோ, கூட வேலை செய்தவரின் ஒரு சொல்லே அடுத்த கதவைத் திறக்கும்.

வேலை தருகிறோம் என்று முற்பணம் கேட்கிறவருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.