ஜாக்கி வைக்குமிடம் அறிவோம்

புதிய கார் வீடு வந்து சேர்ந்ததும் பங்குத்தந்தையிடம் மந்திரித்துக்கொள்வது நம் குடும்பங்களின் நல்வழக்கம். அவ்வாறு ஆசி பெற்ற வண்டியை வாசலில் தூக்கிச் சக்கரம் மாற்றும்போது சிறிது அறிவும் உடனிருத்தல் வேண்டும். தவறினால் பழுதாவது தகடு மட்டுமன்று, உயிரும் பறிபோகலாம்.

பழைய அம்பாசடரில் பின்சக்கரங்களை இணைக்கும் கனத்த அச்சுக்கூட்டின் கீழ் ஜாக்கியை வைத்துத் தூக்குவது வழக்கம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் சிறு கார்கள் பெருகின. இவற்றில் தனிச் சேசிஸ் கிடையாது. பற்றவைத்த மெல்லிய தகடுகளால் ஆன உடலே பாரம் முழுவதையும் தாங்குகிறது. ஆகவே கண்ட இடத்தில் ஜாக்கி வைத்தல் ஆகாது.

கதவுகளுக்கு அடியில், தகடுகள் இணைந்த விளிம்பொன்று நீண்டு செல்வதைக் காணலாம். முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னும், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னும், பெரும்பாலான கார்களில் அவ்விளிம்பில் வெட்டுக்குறிகள் உண்டு. பக்கத்துக்கு இரண்டாக அந்நான்கு இடங்களே ஜாக்கிக்கு உரியவை. வண்டியுடன் தரப்படும் கையேட்டிலும் இவ்விடங்கள் படமாகக் காட்டப்பட்டிருக்கும். வண்டியோடு வரும் ஜாக்கியின் தலையிலுள்ள பள்ளத்தில் விளிம்பு பொருந்தி அமரும். தட்டைத் தலையுள்ள ட்ராலி ஜாக்கியானால் விளிம்பு மடியும், பெயிண்ட் வெடிக்கும், விரிசலில் மழைநீர் புகுந்து துரு அரிக்கும். மறுமுறை தூக்குகையில் தகடே நசுங்கி உள்வாங்கும். இதைத் தவிர்க்க, நடுவில் பள்ளம் வெட்டிய கெட்டி ரப்பர் கட்டையை இடையில் வைத்தல் நலம். ஆயில் சம்ப், தரைத்தகடு, மின்சாரக் காரின் பேட்டரிப் பெட்டி ஆகியவற்றின் கீழ் ஒருபோதும் ஜாக்கி வைக்கலாகாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டியாயின், விளிம்பில் துரு ஏறியுள்ளதா என முதலில் பார்த்துக்கொள்க.

அடுத்தது தரை. வேப்பம்பட்டு போன்ற புறநகர்களில், ஐப்பசி கார்த்திகை மழையில் மண் இளகிவிடும். பாரம் ஏறியதும் ஜாக்கி சாயும். சமமான சிமெண்டுத் தரையே தக்கது. அதற்கு வழியில்லையேல் அடியில் அகன்ற கனத்த பலகை இடுக. அனைவரையும் இறக்கிவிட்டு, கை பிரேக் இழுத்து, முதல் கியரில் நிறுத்துக. தூக்கும் சக்கரத்துக்கு எதிர் மூலையிலுள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்துக. தேவையான உயரத்துக்கு மேல் தூக்க வேண்டா. ஸ்டெப்னியை வண்டியடியில் படுக்க வைத்தால், ஜாக்கி நழுவினாலும் அது தாங்கும்.

ஜாக்கி தூக்குவதற்கே, தாங்கி நிறுத்துவதற்கன்று. அதை மட்டும் நம்பி அடியில் புகுதல் கூடவே கூடாது. வண்டிக்கடியில் வேலையிருப்பின் இரும்பு ஸ்டாண்டுகள் தேவை. வீடு கட்டி மீந்த செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் முன்னறிவிப்பின்றி நொறுங்குபவை. அவற்றை அடுக்கி வண்டியை நிறுத்தற்க.

மணல்மீது வீடு கட்டியவனைப் பற்றி ஆண்டவர் கூறிய உவமையை நாம் அறிவோம். அடித்தளத்தைச் சோதியாமல் பாரம் ஏற்றுவோர் அனைவருக்கும் அது பொருந்தும். உயிர் இறைவன் அளித்த கொடை. அதைக் காக்கும் பொறுமையும் நம் கடமையே.