பருத்தித் தத்துப்பூச்சி

பருத்தித் தத்துப்பூச்சி (அம்ராசுகா பைகுட்டுலா) என்பது சிக்காடெல்லிடே குடும்பத்தைச் சேர்ந்த, சாறு உறிஞ்சும் பூச்சியினமாகும்.

அடையாளம்

முதிர்ந்த பூச்சி ஏறத்தாழ 3 மி.மீ. நீளமும் வெளிர்பச்சை நிறமும் உடையது. தலையின் உச்சியில் இரண்டு கரும்புள்ளிகளும், ஒவ்வொரு முன்னிறக்கையின் நுனிப்பகுதியில் ஒரு கரும்புள்ளியும் காணப்படும். இறக்கை வளராத இளம்பூச்சிகள் இலையின் அடிப்பக்கத்தில் இருக்கும். தொந்தரவு செய்தால் நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடும்.

வாழிடம்

பருத்தி, வெண்டை, கத்தரி ஆகியவை இதன் முக்கிய உணவுப் பயிர்கள். துத்தி போன்ற களைச்செடிகளிலும் இது பெருகும். இராமநாதபுரம் மாவட்டம் அபிராமம் வட்டாரத்தின் கரிசல் நிலங்கள் போன்ற மானாவாரிப் பருத்திப் பகுதிகளில் இதைக் கவனிக்க வேண்டும். பெண் பூச்சி இலை நரம்புகளுக்குள் முட்டையிடுவதால் முட்டைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பாதிப்பு

தாக்கப்பட்ட இலையின் ஓரம் மஞ்சளாகி, கீழ்நோக்கிச் சுருண்டு, சிவந்து, பின் கருகும். மக்னீசியக் குறைவாலும் பருத்தி இலை சிவக்கும். ஆனால் அப்போது நரம்புகள் பச்சையாகவே இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் உரத்துக்கோ மருந்துக்கோ செய்யும் செலவு வீணாகும். எனவே முதலில் இலையைத் திருப்பிப் பார்ப்பது அவசியம்.

கட்டுப்பாடு

இலையில் மயிர் அடர்ந்த பருத்தி இரகங்கள் இப்பூச்சியை ஓரளவு தாங்கும். 2002-இல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தி காய்ப்புழுக்களுக்கு எதிரானது, தத்துப்பூச்சியைத் தடுக்காது. 50 இலைகளில் 50 பூச்சிகள் என்ற அளவை எட்டினால் மட்டுமே மருந்து தெளிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.